கை நனைக்காமல் போன கோச்

மூன்று வருடத்துக்கு முந்திய சித்திரை மாதம் அது. திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட இருக்கிற எங்கள் வீட்டுக் குசினி அடுப்படியில் தொடங்கி, ஆகாயத்துக்குப் போய், திரும்பவும் குசினியிலேயே வந்து முடிந்த கதை.

நான் அதிகம் படித்தவள் இல்லை. எழுத்துக் கூட்டித்தான் இதை எழுதுகிறேன். ஆனால் என் சமையலைப் பற்றித் துறைமுகத்தில் யாரிடமும் கேட்கலாம். கந்தோரில் எழுத்து வேலை பார்க்கிற ஆட்களும் கப்பல் வேலைக்காரரும் என் சோற்றுப் பார்சலுக்குக் காத்து நின்றவர்கள். ஓர் ஆள் சாப்பிடுகிற விதத்தை வைத்தே அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லிவிடுவேன் என்று பெருமையடித்துக்கொண்டு இருந்தவள் நான்.

என் ஒரே மகள் தையல்காரி. வெளிநாட்டவர்களைப் பரசூட்டில் குதிக்க வைக்கிற ஒரு கம்பனி எங்கள் பக்கம் வந்தபோது, பரசூட் தைக்கவும் மடித்துப் பையில் வைக்கவும் அவளை எடுத்தார்கள். மடித்துக்கொண்டிருந்தவளுக்குத் தானும் குதிக்க ஆசை வந்தது. குதித்தாள். சோதனையெல்லாம் பாஸ் பண்ணித் தனியே குதிக்கிற அளவுக்கு வந்துவிட்டாள். பொம்பிளைப் பிள்ளையை ஆகாயத்தில் விட்டிருக்கிறேன் என்று சனம் கதைத்தது. எனக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

பிறகு அவளுக்கு பிரீஃபிளை பழக வேண்டும் என்று வந்தது. சாதாரணமாகக் குதிப்பவர்கள் வயிறு கீழே இருக்க விழுவார்கள். இது அப்படி இல்லை. கதிரை இல்லாமல் காற்றில் குந்தி இருப்பது, நிற்பது, கடைசியில் தலைகீழாகப் போவது. விழுகிற வேகமும் கூடுதல். அதனால் நல்ல கோச் வேண்டும். கம்பனிக்கு அந்த முறை வந்திருந்த கோச்மார் இரண்டு பேர். யாரிடம் பழகுவது என்று அவளுக்குக் குழப்பம். "ரெண்டு பேரையும் வீட்ட கூட்டிக்கொண்டு வா, நான் சொல்லுறன்" என்றேன்.

முதலில் வந்தவன் இளந்தாரி, கொழும்புப் பிள்ளை. "அம்மா, நண்டுக்கறி வாசம் றோட்டு வரைக்கும் வருது" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தான். நண்டை உடைத்து உறிஞ்சி, கேட்டுக் கேட்டுச் சோறு வாங்கிச் சாப்பிட்டான். தான் பறக்கிற படமெல்லாம் போனில் காட்டினான். ஒரு கிழமையில், ஏழே நாளில், மகளைத் தலைகீழாகப் பறக்க வைக்கிறேன் என்றான். போகும்போது சாப்பிட்ட கோப்பையையும் தானே கழுவி வைத்தான். எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது.

அடுத்த நாள் வந்தவர் ஒரு பெண். நாற்பது தாண்டியிருக்கும். தாய் தகப்பன் இங்கே கிட்ட வெருகல் பக்கம், இவர் வளர்ந்தது வெளிநாட்டில். தமிழ் நன்றாகவே கதைத்தார். சிரிப்பு மட்டும் குறைவு. சோறு போட எழும்பினேன். இன்றைக்கு வேண்டாம், குறை நினைக்கக் கூடாது என்றார். தேத்தண்ணியும் வேண்டாம் என்றார்.

பிறகு மகளின் பரசூட் பையைக் கொண்டுவரச் சொன்னார். பழைய பை. மகள் தன் கையால் தைத்துச் சீராக்கி வைத்திருந்தாள். முதுகுப் பக்கத்து மூடியை ஒற்றை விரலால் தட்டினார். மூடி திறந்துகொண்டது.

"வயிறு கீழ இருக்க விழேக்க இது காணும், திறவாது. தலைகீழாப் போகேக்க காத்து இதுக்குள்ள பூந்தா, பரசூட் தானா வெளியில வந்திடும். இந்தப் பையோட நான் பழக்கமாட்டன்" என்றார்.

அதோடு விடவில்லை. மகளை முற்றத்தில் ஒரு ஸ்டூலில் இருத்தி, முதுகை நிமிர்த்து, காலை விரி என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். பக்கத்து வீட்டார் மதிலுக்கு மேலால் பார்த்தார்கள். சில மாதம் இப்படி இருக்கத்தான் பழக வேண்டும், அதற்குப் பிறகும் தலைகீழ் வேண்டாம் என்று தான் சொல்ல வேண்டி வரலாம் என்றார். கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஒரு வீட்டுக்கு வந்து கை நனைக்காமல் போனால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஓர் அர்த்தம் உண்டு. எங்களைத் தனக்குச் சமமாக எண்ணவில்லை. நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

"என்ர வீட்டில ஒரு வாய் சோறு திண்ண மனமில்லாதவ, என்ர பிள்ளையை எப்பிடிப் பாப்பா?" என்று மகளிடம் கேட்டேன்.

அவர் சொல்வது சரிபோலத்தான் இருக்கிறது என்று மகள் மெல்ல இழுத்தாள். அப்படியென்றால் என்னை ஏன் கேட்டாய், அவவோடேயே போ என்றேன். என் முகம் கறுத்தால் அவளுக்குத் தாங்காது. அந்தக் கொழும்புப் பெடியனிடமே போனாள். பையின் மூடியை இன்னும் இறுக்கித் தைத்தாள். அது போதும் என்று அவனும் சொல்லிவிட்டான்.

முதல் சில தடவை நன்றாகத்தான் போனது. அன்றைக்கு நான் பார்சல் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு மைதானத்தில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் புள்ளியாக விழுந்துகொண்டிருக்க, ஒரு பரசூட் மட்டும் வெகு உயரத்திலேயே விரிந்தது. நீல வானத்தில் நல்ல வடிவாக இருக்கிறதே என்று நினைத்தேன். பக்கத்தில் நின்ற அந்தப் பெண் கோச் என் கையைப் பிடித்தார். பிடி இறுகிக்கொண்டே போனது.

விரிந்தது என் மகளின் பரசூட். தலைகீழாகப் போன வேகத்தில் மூடி திறந்து, பரசூட் வெளியே இழுபட்டதில் வலது தோள் கழன்று நரம்பும் பழுதாகிவிட்டது. ஒற்றைக் கையால் எப்படியோ திருப்பிக் கீழே வந்து சேர்ந்தாள். உயிர் தப்பியது பெரிய காரியம். அந்தக் கையைத் தோளுக்கு மேலே தூக்க ஏலாது, இனிக் குதிக்கவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

பெடியன் ஆஸ்பத்திரி வாசலில் குந்தி அழுதான். "அவ ஆசைப்பட்டுக் கேட்டவ, அம்மா. எனக்கு இல்லையெண்டு சொல்ல வரேல்ல" என்றான். அவனை நான் ஏசவில்லை. பாசமான பிள்ளை. நான் சோறு போடப் போட, எனக்கும் அவன் போதும் என்று சொன்னதில்லை.

கம்பனி ஆட்கள் ஊருக்குப் போகிற கிழமை அந்தப் பெண் வந்தார். நேரே குசினிக்குள் வந்து பலகையில் அமர்ந்து, பசிக்கிறது, சாப்பாடு தாருங்கள் என்றார். அன்றைக்குச் சொதியும் கருவாட்டுப் பொரியலும்தான். வெட்கத்தோடு போட்டேன். வழித்துச் சாப்பிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்கு ஏன் தங்கச்சி சாப்பிடவில்லை என்று கேட்டேன்.

"உங்கட சோத்தைத் திண்டிட்டு, உங்கட பிள்ளைக்கு ஏலாது எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது? ஒரு விசயம் பேசி முடிவாக முந்தி அந்த வீட்டில கை நனைக்கக் கூடாதெண்டு அம்மா எங்களைப் பழக்கினவ. இப்ப சொல்லுறதுக்கு ஒண்டுமில்லைத்தானே. அதுதான் சாப்பிடுறன்."

அகப்பை என் கையில் அப்படியே நின்றுவிட்டது. என்னைப் பெண் பார்க்க வந்த மாமியார் ஆட்களும் கலியாணம் பேசி முற்றாகும் வரைக்கும் எங்கள் வீட்டுத் தேத்தண்ணியைத் தொடவில்லை. மரியாதை தெரிந்த ஆட்கள் என்று என் தகப்பன் அதைப் பெருமையாகப் புழுகிப் புழுகிச் சொல்லுவார். நானும் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். என் வீட்டு முற்றத்தில் அதே மரியாதை வந்து நின்றபோதுதான் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

மகள் இப்போது தையலோடு இருக்கிறாள். கொடியில் உடுப்புக் காயப்போட மட்டும் என்னைக் கூப்பிடுவாள். போட்டுவிட்டு நான் வானத்தை அண்ணாந்து பார்ப்பேன். அவள் பார்க்கமாட்டாள். இப்போதும் யாராவது என் வீட்டில் "வேண்டாம் அம்மா" என்று சொன்னால், கோபம் வருவதற்கு முன்னால் அந்த மூடியைத் தட்டித் திறந்த ஒற்றை விரல்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது.