எழவு சொல்லி மலைக்குப் போனது

காட்டில் கூடாரம் போட்டுத் தங்க எந்த மாதம் நல்லது என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும். வேலை செய்யும் இடத்தில் கேட்கிறார்கள். கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரிதானே, உனக்குத் தெரியாதா என்கிறார்கள். தெரியும். எங்கள் வீட்டில் வருடக்கணக்காக அதைத்தான் பேசினார்கள்.

சோமனூரில் எங்களுக்கு விசைத்தறி. வீட்டை ஒட்டியே தறிக்கூடம். அம்மா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தச் சத்தத்தில் சமைத்து அந்தச் சத்தத்தில் தூங்கியவள். பிறந்தது பொள்ளாச்சிக்கு அந்தப் பக்கம், ஆனைமலை அடிவாரத்தில். வீட்டு வாசலில் நின்றால் மலை தெரியும். ஒரு நாளும் ஏறியதில்லை. ஏற்றிக் காட்ட ஆள் இல்லை. ஒரே ஒரு ராத்திரி அந்தக் காட்டில் படுத்து எழுந்து வர வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. நகை கேட்டதில்லை, பட்டு கேட்டதில்லை. இதை மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அப்பாவிடம் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. மாசி, பங்குனியில் காட்டுத்தீக்குப் பயந்து காட்டையே மூடிவிடுவார்கள். வைகாசியில் ஊரெல்லாம் கல்யாணம். ஆடியில் சோமனூரில் வெறும் காற்றுதான், ஆனால் மலையில் மழை கொட்டும், அட்டை காலில் ஏறும். புரட்டாசியில் கறி தின்னக் கூடாது, கறி இல்லாமல் காட்டில் என்ன வேலை? ஐப்பசியில் தீபாவளி. மார்கழியும் தையும்தான் நல்ல மாதங்கள், அப்போது தறி நிற்காது.

“தறிக்காரனுக்கு ஏது மழக்காலம் வெயில்காலம்? பாவு நூலு வர்ற காலம், வராத காலம், அவ்வளவுதான்” என்பார். பெரிய தத்துவம் மாதிரி சொல்வார். அம்மா பேசாமல் போய்விடுவாள்.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது நல்ல மாதமும் தறி நிற்பதும் ஒன்றாகச் சேர்ந்தன. மார்கழி மாதம், அரைப்பரீட்சை லீவு. நூல் கொடுத்துத் துணி வாங்கிப்போகும் வியாபாரிகள் கூலியை ஏற்றித் தரவில்லை என்று தறிக்காரர்கள் எல்லோரும் தறியை நிறுத்திவிட்டார்கள். பஸ் ஸ்டாப் பக்கத்தில் பந்தல் போட்டு உண்ணாவிரதம். யாரும் ஊரைவிட்டுப் போகக் கூடாது, எல்லோரும் பந்தலுக்கு வர வேண்டும் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னவர் எங்கள் அப்பா.

சிங்காநல்லூரிலிருந்து மாமா வந்தார். அம்மாவின் தம்பி. பம்ப்செட் கம்பெனியில் வேலை, வாய் மட்டும் முதலாளிக்கு உள்ள வாய். மழை நின்று மண் காய்ந்திருக்கிறது, புல் பச்சையாக இருக்கிறது, இதைவிட நல்ல நேரம் வராது என்றார். அப்பா பந்தலைக் காட்டினார். அம்மா அன்றைக்குப் பேசாமல் போகவில்லை.

“எனக்குப் போகோணுங்க. இந்த மார்கழிக்கே போகோணும்.”

அதற்குத்தான் மாமா வழி கண்டுபிடித்தார். அம்மா பிறந்த ஊரில் இருக்கிற பெரியம்மா இறந்துவிட்டார் என்று சொல்லிவிட்டால் போதும். அம்மாவுக்குப் பெரியம்மா. எங்கள் தெருவில் யாரும் அவரைப் பார்த்ததில்லை. எழவுக்குப் போகிறவனை எந்தச் சங்கமும் தடுக்காது.

“உசுரோட இருக்கறவங்களப் போயி...” என்று அம்மா இழுத்தாள்.

“அட, சாவுன்னு சொன்னா ஆயுசு கூடும்க்கா” என்றார் மாமா.

அம்மா தலையில் இருந்த பூவை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தாள். அது அவள் சம்மதம்.

மாமா வாங்கி வந்த கூடாரத்தைப் பழைய சேலையில் சுற்றி மாமாவின் காருக்குள் திணித்தார்கள். எனக்குப் புது ஸ்வெட்டர். ஊர் தாண்டிய பிறகுதான் போட வேண்டும் என்று உத்தரவு. பந்தலில் வண்டியை நிறுத்தி அப்பா இறங்கிப்போய்ச் சொன்னார். “ரொம்பத் தூரமுங்க, நீங்க யாரும் சிரமப்படாதீங்க” என்று இரண்டு தடவை சொன்னார். முகத்தைச் சரியாகவே வைத்திருந்தார். அந்த நடிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

எங்கள் பக்கத்தில் பிறந்து வளர்ந்த அப்பா இப்படி ஒரு பொய்க்கு ஒப்புக்கொண்டதுதான் எனக்கு விளங்கவே இல்லை. கல்யாணத்துக்குப் போகாவிட்டால் மன்னிப்பார்கள். எழவுக்குப் போகாவிட்டால் அதோடு உறவு முடிந்தது. பேச்சுவார்த்தை இல்லாதவன் வீட்டு எழவுக்கும் மாலை வாங்கிக்கொண்டு போய் நிற்கிற ஊர் எங்களுடையது. சிரமப்படாதீங்க என்று சொன்னால் கேட்பார்களா?

நாங்கள் பொள்ளாச்சியில் நிதானமாகச் சாப்பிட்டோம். அம்மா பூவை மறுபடி வைத்துக்கொண்டாள். பிஸ்கட், பழம், டார்ச் லைட் எல்லாம் வாங்கினோம். காட்டு நுழைவாயிலில் வண்டியை நிறுத்தி மாமா இறங்கியபோது, அம்மாவும் இறங்கி மூங்கில்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போது அவள் போன் அடித்தது. பெரியம்மா. அவர் போனில் பேசினால் பக்கத்துத் தோட்டத்துக்குக் கேட்கும்.

“ஏன் அம்மணி, நா செத்துப்போயிட்டனாமா? உங்கூரு சனம் வண்டியக் கட்டிட்டு வந்து மாலையோட வாசல்ல நிக்குது. எழவு ஊடு எதுங்கன்னு என்றகிட்டயே கேக்கறாங்க. நா என்னன்னு சொல்லட்டும்?”

மாமா சிரித்துவிட்டார். இன்றைக்கும் கல்யாண வீடுகளில் இதைச் சொல்லிச் சிரிக்கிறார். கேட்பவர்களும் சிரிக்கிறார்கள். நான் எழுந்து கை கழுவப் போய்விடுவேன்.

“திரும்புனாலும் அசிங்கந்தான். வந்ததே வந்தாச்சு, மேல போயிட்டே வந்தர்லாம்” என்றார் அப்பா.

அம்மா தம்பியைப் பார்த்து, “வண்டியத் திருப்புடா” என்றாள். நான் அழுதேன். காடு நாலடி தூரத்தில் இருந்தது.

பெரியம்மா வீட்டு வாசலில், தறித்துணி ஏற்றும் சரக்கு வண்டி நின்றது. பந்தலில் பட்டினி இருந்தவர்களெல்லாம் அவர் வீட்டு வாசலில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வீடு தேடி வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்ப முடியாது என்று அவர் உலை வைத்துவிட்டார். மாலைகள் தென்னை மரத்து ஆணியில் தொங்கின.

“வாங்க, வாங்க. எழவுக்கு இத்தன தாமசமாவா வாரது?” என்றார் பெரியம்மா, குழம்புச் சட்டியைப் பிடித்துக்கொண்டே.

ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவரும் திட்டவும் இல்லை. சங்கத்துப் பெரியவர் கையைக் கழுவிவிட்டு வந்து அப்பாவிடம், “பந்தல்ல ஆளில்லீங்க, நாங்க கெளம்பறோமுங்க. நீங்க இருந்து மெதுவா வாங்க” என்றார். அதற்கு நாலு அறை விட்டிருக்கலாம்.

எங்கள் தறி ஓட்டும் அக்காவும் அந்த வரிசையில் இருந்தார். தறியை நிறுத்தலாமா என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. தறி ஓடினால்தான் அவருக்குக் கூலி. அது நின்று வாரக்கணக்கில் ஆகியிருந்தது. அவரும் ஒரு மாலை வாங்கி வந்திருந்தார்.

“உங்கம்மா அழுதுட்டு இருப்பாங்கன்னு ஓடியாந்தேன் கண்ணு” என்று என் தலையைத் தடவினார். பிறகு என் ஸ்வெட்டரைப் பார்த்தார். “புதுசா? எங்க போறீங்க?”

எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. மலைக்கு, கூடாரம் போட என்று சத்தமாகச் சொன்னேன். அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள்.

வண்டிக்கு ஓடிப்போய் சேலை மூட்டையைப் பிரித்தேன். பிடித்து இழுத்தால் தானே விரிந்துகொள்ளும் வகைக் கூடாரம் அது. தென்னை மரங்களுக்கு நடுவில் நீல நிறத்தில் படக்கென்று எழுந்து நின்றது. எல்லோரும் வந்து பாருங்கள் என்று கூப்பிட்டேன். பெரியவர்கள் சரக்கு வண்டியில் ஏறுவதற்குத் துண்டை உதறிக்கொண்டிருந்தார்கள். தறி அக்கா மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தார். “நல்லா இருக்குது கண்ணு” என்றார். அவரும் ஏறப் போனார்.

அப்போது அம்மா வந்தாள். குனிந்து கூடாரத்துக்குள் போனாள். உள்ளிருந்து ஜிப்பை இழுத்து மூடினாள். சரக்கு வண்டி கிளம்பி, வாய்க்கால் பாலம் தாண்டி, சத்தம் அடங்கிய பிறகும் வெளியே வரவில்லை. பெரியம்மா வந்து கூப்பிட்டார். வரவில்லை. அப்பா கூப்பிடவே இல்லை, தோப்புக்குள் போய் நின்றுகொண்டார்.

நான் மட்டும் கூடாரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினேன். அம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது, அதனால்தான் வெளியே வர மனசில்லை என்று பெரியம்மாவுக்கு விளக்கிச் சொன்னேன்.