கண்ணாடிக் கடையில் இரவு மாத்திரை

கண்ணாடிக் கடைக்காரம்மா கணவரோடு சேர்ந்து கண்ணாடி தூக்கத் தொடங்கி இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஆளுயரக் கண்ணாடியின் முன்முனை கணவருக்கு, பின்முனை இவருக்கு. கணவர் "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ண, இருவரும் ஒரே காலடியாக நடப்பார்கள். ஒரு முனை சரிந்தால் மறுமுனையில் இருப்பவரின் மணிக்கட்டு கிழியும். ஆகவே கணவரின் இடுப்புவலி அவருடைய சொந்த விவகாரமாக மட்டும் இருக்க வழியில்லை.

இறுகிப்போன தசை தளர்வதற்காக மருத்துவர் ஐந்து நாள் மாத்திரை கொடுத்திருந்தார். உறையின்மேல் 'இரவு ஒன்று' என்று எழுதியிருந்தது. மூன்றாம் நாள் காலை, பதினொரு மணிக்குள் சேர்க்கவேண்டிய துணிக்கடைக் கண்ணாடியைத் தூக்கினார்கள். "ஒண்ணு" வந்தது. "ரெண்டு" வரவில்லை.

"இறக்குங்க."

"ஏன், நல்லாத்தானே பிடிச்சிருக்கேன்?"

"இறக்குங்கன்னா இறக்குங்க!"

கண்ணாடி மெல்லச் சட்டத்தில் சாய்ந்தது.

"மாத்திரை எப்போ போட்டீங்க?"

"இப்பதான், காலையில. ரெண்டு."

"ரெண்டா?"

"நேத்து ராத்திரி மறந்துட்டேன், அதையும் சேர்த்துப் போட்டேன். வலி பகல்லதானே வருது? தூங்குறவனுக்கு எதுக்கு மாத்திரை?"

"டாக்டராக வேண்டியவரை இங்க வச்சு வீணடிச்சுட்டேனே!"

"தும்மலுக்கு ஒரு சளி மாத்திரையும் போட்டேன்" என்றார் அவர், திட்டை ஒரே தவணையில் வாங்கிவிடும் எண்ணத்தில்.

கடைக்காரம்மா மருந்துக்கடைக்குப் போன் செய்தார்.

"அக்கா, ரெண்டும் தூக்கம் வர்ற மாத்திரை. சேரக்கூடாது. மறந்ததுக்கு ஈடா ரெண்டாப் போடவும் கூடாது. வண்டி, கண்ணாடி எதையும் தொட விடாதீங்க. கூடவே இருங்க. எழுப்பியும் எழுந்திரிக்கலைன்னாலோ மூச்சு திணறினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க. நான் டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்றேன்."

"அந்த மருந்துக்கடைக்காரனுக்கென்ன தெரியும்? எனக்குத் தூக்கமே வரலை" என்றார் கணவர்.

அளவுகோல் இல்லாமல் நேர்க்கோடு போடுவதில் அவருக்குப் பெருமை உண்டு. கடைக்காரம்மா மேசையில் கிடந்த கழிவுக் கண்ணாடியைக் காட்டி மார்க்கரை நீட்டினார். "போடுங்க, பார்ப்போம்."

கோடு பாதிவரை ஒழுங்காகச் சென்றது. பிறகு யாரையோ தேடிப் போவதுபோல் கீழே இறங்கியது.

"மார்க்கர் சரியில்லை."

"ஆமா, மார்க்கருக்குத்தான் இடுப்புவலி!"

அவர் அந்தக் கோட்டையும் மனைவியின் மணிக்கட்டையும் பார்த்தார். வாக்குவாதம் அத்தோடு நின்றது.

துணிக்கடைக்காரரின் வசவைக் கடைக்காரம்மாவே வாங்கிக்கொண்டார். மருத்துவரின் பதிலும் வந்தது: இன்றிரவு மாத்திரை வேண்டாம், நாளை முதல் இரவில் ஒன்றுதான், சளி மாத்திரை கூடவே கூடாது. உறை கடைக்காரம்மாவின் கைப்பைக்குள் போனது. கணவர் நாற்காலியிலேயே குறட்டைவிட்டார். கால்மணி நேரத்துக்கு ஒருமுறை இவர் அவருடைய தோளை உலுக்கினார்.

"எழுந்திருங்க. இன்னிக்கு என்ன கிழமை?"

"வியாழன். நீ திட்டுறதுக்குத்தான் கிழமையே கிடையாதே."

பதில் தெளிவாக இருந்தது. கடைக்காரம்மா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து திட்டத் தொடங்கினார்.