இணைச்சீருக்கு ஒரு அக்கா

என் கல்யாணத்துக்கு நானே அலைந்தேன் என்பதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. வேறு நாதி கிடையாது. நான் பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கேரள எல்லையில் வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டு வீடு, அதில் நான் ஒருத்தன். எழுபதுகளின் நடுவில் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் பிட்டராக இருந்தேன். பெண்வீட்டார் வீடு பார்க்க வந்தபோது அவர்களுக்குத் தண்ணீர் மோந்து கொடுத்ததும் நான், வெற்றிலைத் தட்டை நீட்டியதும் நான். "மாப்பிள்ளை எங்கீங்க, காணமே?" என்று ஒரு பெரியவர் கேட்டார். "நானுதானுங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

நிச்சயம் ஆன மறுநாளே நெஞ்சுக்குள் படபடப்பு ஆரம்பித்துவிட்டது. பந்தல், மேளம், வாழை இலை, சமையல்காரர் என்று துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருப்பேன். மெஷின் முன்னால் நிற்கும்போது எடுத்துப் பார்ப்பேன். மடித்து வைத்த கையோடு மறுபடியும் எடுப்பேன். கம்பவுண்டரிடம் போனால் மனுஷன் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, கல்யாணம் கட்டுனாச் சரியாப் போயிரும்" என்று ரோஸ் கலரில் ஒரு மருந்து கொடுத்தார். கருமம், அதைக் குடித்ததும் வயிறும் சேர்ந்து கலங்கியதுதான் மிச்சம்.

எனக்கு மருந்து வேண்டியிருக்கவில்லை. "சும்மா கெடடா, நான் பாத்துக்கறேன்" என்று சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்தது. அப்படிச் சொல்லக்கூடியவள் உலகத்திலேயே ஒருத்திதான். என் அக்கா. அவளோடுதான் எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

அக்காவை மலைக்கு மேலே, கேரளத்து மறையூரில் கட்டிக் கொடுத்திருந்தது. மச்சானுக்கு அங்கே கரும்புக் காடு. அம்மாவின் கருமாதிக்கு இரண்டு பேரும் வந்தார்கள். வீட்டு மருமகனைக் கையைப் பிடித்து அழைத்து முதல் பந்தியில் உட்கார வைப்பது எங்கள் சனத்து வழக்கம். அழுத கண்ணோடு அங்கும் இங்கும் ஓடியதில் நான் மறந்தே போனேன். மூன்று பந்தி முடிகிற வரை அந்த மனுஷன் வேப்பமரத்தடியில் நின்றிருக்கிறார். அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்துவிட்டார். "எம் புருசனுக்கு மருவாதி இல்லாத ஊட்டுல எனக்கென்றா வேலை?" என்று அக்காவும் பின்னாலேயே போனாள். அதன்பிறகு இரண்டு வருஷம் அவளும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை.

எங்கள் கல்யாணத்தில் தாலி கட்டுவதற்கு முன்னால் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. புதுச்சேலையின் ஒரு தலைப்பை மாப்பிள்ளை பிடித்துக்கொள்ள, மறுதலைப்பைக் கூடப்பிறந்தவள் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கூடப்பிறந்தவள் இல்லாதவனுக்குப் பங்காளி வீட்டுப் பெண் யாராவது நிற்பார்கள். அக்கா உயிரோடு இருக்கும்போது வேறொருத்தி நின்றால் ஊர் வாயில் விழ வேண்டியதுதான். ஊர் கிடக்கட்டும். அந்தச் சேலையின் மறுமுனையில் எனக்கு அக்கா வேண்டும். மற்ற எது தவறினாலும் பொறுத்திருப்பேன்.

இப்படிப்பட்டவளைத் தபாலில் கூப்பிடக் கூடாது, நேரில்தான் போக வேண்டும். லீவு போட்டு, வெற்றிலை பாக்கு பழம் வாங்கிக்கொண்டு கிளம்பினேன். பொள்ளாச்சி வந்தேன், உடுமலைப்பேட்டை வந்தேன். மறையூர் பஸ் நின்றுகொண்டிருந்தது. படியில் காலை வைத்தவன் எடுத்துவிட்டேன். கரும்பு வெட்டுகிற ஆட்களுக்கு முன்னால் வைத்து மச்சான் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டால்? அக்கா உள்ளேயிருந்து வெளியே வரவே இல்லையென்றால்? கை வியர்த்து வெற்றிலைப் பொட்டலம் நனைந்துவிட்டது. "ஏறறதுன்னா ஏறுங்க, இல்லைன்னா வழிய உடுங்க" என்றார் கண்டக்டர். வழியை விட்டேன். பஸ் போய்விட்டது.

பக்கத்துத் தபாலாபீசில் ஒரு இன்லண்ட் லெட்டர் வாங்கி நின்றபடியே எழுதினேன். "அக்கா, எனக்குக் கல்யாணம். ஆவணி இருபது காலையில் முகூர்த்தம், நம்ம வீட்டில். முந்தின நாளே வந்துவிடு. மச்சானையும் கூட்டி வா. நான் செய்தது தப்பு." வெற்றிலையையும் பழத்தையும் ஒரு பிச்சைக்காரரிடம் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினேன்.

என்ன கிழமை என்று நான் எழுதவில்லை. எங்கள் எல்லைப் பக்கத்தில் இரண்டு காலண்டர் ஓடும். நாம் ஆவணி என்பதை மலையாளத்துக்காரர்கள் சிங்கம் மாசம் என்பார்கள். பல வருஷம் இரண்டும் ஒரே நாளில் பிறக்கும். சில வருஷம் மலையாள மாசம் ஒரு நாள் பிந்திப் பிறக்கும். அந்த வருஷம் அப்படித்தான் பிந்தியது. அக்கா வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தது மலையாளக் காலண்டர். எனக்கு இருபது என்றால் அவளுக்கு அன்றைக்குப் பத்தொன்பது. சீட்டில் எழுதி எழுதிப் பார்த்த மடையனுக்கு இது மட்டும் உறைக்கவில்லை.

பதில் வரவில்லை. தபால்காரர் எங்கள் வாசலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அவர் தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நிற்பேன். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் பந்தல்காரரிடம் பாதிப் பேச்சை அப்படியே விட்டுவிட்டு ஜங்ஷனுக்குப் போய், பொள்ளாச்சியிலிருந்து வந்த ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்த்தேன். யார் யாரோ இறங்கினார்கள். "மாப்பிள்ளை இங்க நின்னு ஆள் எண்ணறாருங்கோ!" என்று டீக்கடையில் ஒருத்தர் கேலி செய்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வேட்டியைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

மறுநாள் காலையில் சீர் செய்து வைக்கிற அருமைக்காரர் மணவறையிலிருந்து குரல் கொடுத்தார். "இணைச்சீருக்கு அக்காளை வரச் சொல்லப்பா."

அத்தனை பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். இரண்டு மாசத்துப் படபடப்பும் அந்த நொடியில் கோபமாகிவிட்டது. "எனக்கு அக்கா யாரும் இல்லீங்க" என்றேன். மெதுவாகச் சொல்லியிருக்கலாம். மேளக்காரர்கள் கூடத் திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சொன்னேன்.

பெரியப்பா மகள் எழுந்து வந்து சேலைத் தலைப்பைப் பிடித்தாள். சீர் நடந்தது, தாலி கட்டினேன், பந்தி நடந்தது. எதிலும் குறையில்லை. இலைகூட மிஞ்சியது.

மறுநாளும் முகூர்த்த நாள் என்பதால் பந்தல்காரர் மத்தியானமே பிரிக்க ஆரம்பித்துவிட்டார். நாலு மணி இருக்கும். கீற்றெல்லாம் இறங்கி, மூங்கில் கால்கள் வாசலில் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. அப்போது அக்கா வந்தாள். பின்னால் வெள்ளை வேட்டியில் மச்சான், இரண்டு கையிலும் பை.

இரண்டு வருஷம் பேசாதவள் மாதிரியே இல்லை. வந்த வேகத்தில் சத்தம் போட்டாள். "ஏண்டா, விடிஞ்சா முகூர்த்தம், இன்னும் பந்தக் காலே நடலயா? நான் ஒரு நாள் இல்லைன்னா இந்த ஊடு இப்படித்தான் கெடக்குமா?" முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "மச்சான், பையை உள்ள வெச்சுட்டு வாங்க, இந்த மூங்கிலை ஒரு கை புடிங்க" என்றாள். மச்சான் என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார். அவரும் எல்லாவற்றையும் மறந்துதான் வந்திருந்தார்.

சத்தம் கேட்டு என் பெண்டாட்டி வெளியே வந்தாள். அக்கா அவள் கழுத்தைப் பார்த்தாள். தாலிக் கயிற்றில் மஞ்சள் இன்னும் காயவில்லை.

"காலைல நேரமே முடிஞ்சு போச்சே" என்று பெரியப்பா மகள் உள்ளேயிருந்தே சொன்னாள். "அக்கா யாரும் இல்லைன்னு உந் தம்பி சொல்லிப்போட்டான். நாந்தான் நின்னேன்."

அக்கா செருகிய முந்தானையை எடுத்துவிட்டாள். "இன்னிக்கு என்ன தேதி?" என்று மச்சானிடம் கேட்டாள். "பத்தொம்பது" என்றார் அவர். எனக்குப் புரிந்துவிட்டது. அவளுக்கும் புரிந்தது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

"அப்படியா சொன்னே?" என்று மட்டும் கேட்டாள்.

நான் ஏதோ உளறினேன். அவள் காதில் விழுந்ததா, தெரியாது. என் பெண்டாட்டியைக் கூப்பிட்டு, கொண்டுவந்த சேலையைக் கையில் கொடுத்து, நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டாள்.

அதற்கப்புறம் என் வீட்டில் எத்தனையோ விசேஷம் நடந்தது. ஒவ்வொன்றுக்கும் மறையூருக்கு நேரில் போய்த்தான் கூப்பிட்டேன். தேதியும் கிழமையும் சொன்னேன். ஒன்றைக்கூட அக்கா தவறவிட்டதில்லை. முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் மச்சானோடு வருவாள். வந்தவர்களோடு பாயில் உட்காருவாள், பந்திக்கு அழைத்தால் எழுந்து வருவாள். அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. கை கழுவியதும் வாசலில் நின்று, "விசேஷம் நல்லா நடந்துச்சுங்க தம்பி, நாங்க போய்ட்டு வர்றமுங்க" என்று சொல்லிவிட்டுப் போவாள்.