கயிற்றில் மூன்று இடங்கள்

அந்த டிரில் மாஸ்டரை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். தங்கச்சிமடத்தில், பெரும்புயலுக்கு அடுத்த வருஷம். ஒல்லியான உடம்பு, வெளுத்த காக்கி அரைக்கால்சட்டை, கழுத்தில் விசில். போட்டிக்கு முன் பழைய தோணிக் கயிற்றை நுனிவரை உள்ளங்கையில் உருவி, பிரி விட்டிருக்கிறதா என்று பார்த்தார்.

திருவாடானைப் பையன்களோடு ஆண்டுதோறும் நடக்கும் கயிறு இழுக்கும் போட்டி அது. அணிக்கு எட்டுப் பேர். கயிற்றில் அவனவனுக்கு நிலையான இடம் உண்டு. இவர் அணியில் மூவரைப் புயல் கொண்டுபோயிருந்தது. மிச்சமிருந்த ஐவரும் தங்கள் பழைய இடங்களிலேயே நின்றார்கள். நடுவே மூன்று இடங்கள் வெறுமையாகக் கிடந்தன.

எதிரணித் தலைவன் வந்தான்.

"சார், நாங்களும் அஞ்சு பேரே இழுக்கோம்."

"வேணாம்லே. எட்டுப் பேரும் இழுங்க."

"அப்ப வேற பயலுகளச் சேத்துக்கங்க சார்."

"அவனுக எடத்துல வேற ஆள நிறுத்துனா, இவனுக கயித்தத் தொடமாட்டானுக. போய் நில்லுலே."

விசில் ஊதினார். ஐவரும் மணலில் குப்புற இழுபட்டார்கள். ஒருவனும் பிடியை விடவில்லை. வென்றவர்கள் கூச்சலிடவில்லை. தோற்றவர்கள் கயிற்றைச் சுருட்டித் தருவது அங்கே வழக்கம். அன்று இரண்டு அணிகளும் சேர்ந்து சுருட்டின.

நான் பத்திரிகைக்காரன் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். மாஸ்டர் என்னிடம் வந்தார்.

"ஆளு கொறைஞ்சு தோத்தாங்கன்னு போட்டுறாதீங்க. எட்டுப் பேருந்தான் தோத்தாங்க. அப்படியே எழுதுங்க."

அதை எப்படி எழுதுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.