எங்கள் வீட்டுப் பிணம்

என் நாத்தனாரை நான் பல முறை கொன்றிருக்கிறேன். மாடிப்படியிலிருந்து தள்ளியிருக்கிறேன், பாலில் விஷம் கலந்திருக்கிறேன், ஒரு தடவை இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியும் இருக்கிறேன். நாத்தனார் உள்ள பெண்கள் பொறாமைப்பட வேண்டாம். எல்லாமே என் நாவல்களுக்காக, அவருடைய முழுச் சம்மதத்தோடு நடந்தவை.

பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்காகக் கொலைக்கதை எழுதுகிறவள் நான். நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு பெண்கள் விடுதிப் பள்ளி. அங்கே படிக்கும் இரண்டு சிறுமிகள்தான் துப்பறிகிறவர்கள். பெரியவர்கள் யாரும் அவர்களை ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. அதனாலேயே அவர்கள் காதுபட எல்லாவற்றையும் பேசிவிட்டு மாட்டிக்கொள்கிறார்கள்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். கண்ணால் பார்க்காததை எழுத வராது. பிணம் எப்படிக் கிடக்கிறது, கை எந்தப் பக்கம், வாசலில் நிற்கும் சிறுமிக்கு முதலில் எது கண்ணில் படும் என்று பார்த்துத்தான் எழுதுவேன். அதற்கு யாராவது படுக்க வேண்டுமே! என் கணவர் படுத்தால் சிரித்துவிடுவார். மகள் படுக்கவே மாட்டாள். நான் அண்ணி என்று கூப்பிடும் அந்த நாத்தனார்தான், "நாள் பூரா உக்காந்தே இருக்கேன், படுக்கச் சொன்னா கசக்குதா?" என்று முதல் நாவலிலேயே தரையில் சாய்ந்தார்.

அண்ணி என் கணவரின் அக்கா. கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டவர். வீடு அவருடையது, நாங்கள்தான் அவரோடு இருக்கிறோம். ரயில் நிலையத்தில் டிக்கெட் கவுண்டர் வேலை. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து சின்ன ஓட்டை வழியாகக் கத்திக் கத்தி, தொண்டை ஒலிபெருக்கியாகிவிட்டது. பிள்ளைகள் புத்தகத்தில் கொலையா என்று ஒரு பதிப்பாளர் என் முதல் நாவலைத் திருப்பித் தந்தபோது, "அழுது என்ன ஆகப்போகுது? அடுத்த ஆள்கிட்ட போ. பயம் பிள்ளைங்களுக்கு இல்ல, அந்த ஆளுக்குத்தான்" என்று என்னைத் துரத்திவிட்டவர் அவர். அந்தத் துரத்தலில்தான் நான் எழுத்தாளர் ஆனேன்.

பிணமாக அவருக்கு ஒரே குறை, வாய் ஓயாது. "ஃபேனைப் போடு." "விஷம் குடிச்சவ மல்லாக்கவா விழுவா? குப்புற விழுறேன், எழுதிக்கோ." யாராவது தாண்டிப் போனால் கண்ணைத் திறக்காமலே அது யார் கால் என்று கண்டுபிடித்துத் திட்டுவார்.

"அண்ணி, செத்தவங்க பேச மாட்டாங்க" என்பேன்.

"அதுக்குத்தான் இப்பவே பேசிக்கிறேன்" என்பார்.

போன மழைக்காலத்தில் புது நாவல் ஒன்றைத் தொடங்கியிருந்தேன். அதில் அறிவியல் ஆசிரியை ஆய்வுக்கூடத் தரையில் செத்துக் கிடக்க வேண்டும். எப்படிக் கிடக்க வேண்டும் என்று அண்ணிக்கு முதல் நாளே சொல்லியிருந்தேன். மாலையில் டீ போட்டுவிட்டுக் கூடத்துக்கு வந்தால், சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் அண்ணி ஒருக்களித்துக் கிடக்கிறார். கைப்பை தோளிலேயே இருந்தது. வேலையிலிருந்து வந்ததும் வராததுமாகச் செத்துவிட்டாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. மேசை முன்னால் உட்கார்ந்து, கை கிடந்த விதத்தை எழுத ஆரம்பித்தேன்.

கணவர் வந்தார். "இன்னைக்கு எந்த டீச்சர்?" என்று கேட்டுவிட்டு, அக்காவைத் தாண்டி உள்ளே போனார். அண்ணி மூச்சுவிடவில்லை. இன்றைக்காவது பிணம் பிணமாக இருக்கிறதே என்று நான் சந்தோஷப்பட்டேன்.

பிறகு என் மகள் பள்ளியிலிருந்து வந்தாள். ஷூ காலோடு அத்தையைத் தாண்டினாள். நின்றாள். திரும்பி இந்தப் பக்கம் தாண்டினாள்.

"என்னடி விளையாட்டு இது?"

"அம்மா, அத்தை திட்டல."

"நடிச்சிட்டு இருக்காங்க, தொந்தரவு பண்ணாத."

"ஷூவோட ரெண்டு தடவை தாண்டிட்டேன்மா. அத்தை திட்டல!"

சொல்லிக்கொண்டே மண்டியிட்டு அத்தையின் கன்னத்தைத் தட்டினாள். தலை துவண்டு சரிந்தது. அவள் போட்ட கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் பார்த்தால் இதயத் துடிப்பில் கோளாறாம். நெஞ்சுக்குள் சின்னக் கருவி ஒன்று வைக்க வேண்டும் என்றார்கள். "விழுந்து கிடந்தப்ப நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க?" என்று டாக்டர் கேட்டார். "இவ எழுதிட்டு இருந்தா. நான் டீ குடிச்சேன்" என்றார் என் கணவர், உள்ளது உள்ளபடி. போலீஸுக்குச் சொல்லலாமா என்று டாக்டர் யோசித்தது முகத்திலேயே தெரிந்தது. அப்புறம், நல்ல வேளை, இதற்கு மேல் தாமதிக்காமல் கொண்டுவந்தீர்கள் என்றார். நாங்கள் எங்கே கொண்டுவந்தோம்? கொண்டுவந்தவள் பள்ளிச் சீருடையில் என் பக்கத்தில் நின்றிருந்தாள். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். தெரிந்த தெய்வம், தெரியாத தெய்வம் எல்லாவற்றுக்கும் நன்றி சொன்னேன்.

நெஞ்சில் அந்தக் கருவியோடு அண்ணி வீடு திரும்பினார். நாவல்தான் நகரவில்லை. ஆசிரியை விழும் இடத்துக்கு வந்தால் கண்ணுக்குள் அண்ணி விழுகிறார். பேனா நின்றுவிடும். பதிப்பாளர் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாய்வு நாற்காலியில் இருந்தபடி அண்ணி கேட்டார். "டீச்சர் செத்தாளா?"

"இல்ல அண்ணி. அவங்களை லீவு போட்டு ஊருக்கு அனுப்பிடலாம்னு பார்க்குறேன்."

"கொலைக்கதையில டீச்சரை லீவுல அனுப்புறாளாம்! காசு குடுத்து வாங்குற பிள்ளைங்க உன்னைச் சும்மா விடுமா?"

"என்னால முடியல. உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா, இந்த வீட்டுல எனக்கு யாரு இருக்கா?"

அண்ணி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இங்க பாரு" என்றார். "நான்தான் இங்க உக்காந்திருக்கேன்ல? அவ வேற, நான் வேற. கொல்லு."

நான் கண்ணைத் துடைப்பதற்குள் தம்பிக்கு ஆணை போய்விட்டது. "டேய், வந்து படுடா!" கணவர் முனகிக்கொண்டே தரையில் படுத்தார். "காலை மடக்கு. அந்தக் கை இல்ல, இந்தக் கை. சாகுறவன் பல்லைக் காட்டுவானா? ஏய் குட்டி, ஃபேனைக் குறை, பேப்பர் பறக்குது."

வீடு முழுக்க அந்தக் குரல். நான் எழுதினேன். ஆசிரியை இருட்டுவதற்குள் செத்துப்போனார். அதுவரை அண்ணி வாயை மூடவில்லை, மூடச் சொல்லி நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. பக்கத்தில் அவர் பேசிக்கொண்டிருந்தால் போதும், கதையில் யாரை வேண்டுமானாலும் கொல்வேன்.