ஒரே ஜோடி

அந்த ஏசி மெக்கானிக்கை எல்லோரும் பம்பரம் என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பதை நெருங்கும் வயதிலும் ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாத மனிதர். டீயைக்கூட நின்றுகொண்டே குடிப்பார். பாதி குடிக்கும்போதே அடுத்த வீட்டுக்குக் கிளம்பியிருப்பார். "பொறந்தப்பவே உங்க கால்ல வெந்நீரைக் கொட்டிட்டாங்க போலிருக்கு" என்பாள் மனைவி. அவள் ஒரு கண் மருத்துவமனையில் நோயாளிகளுக்குச் சீட்டுப் போடும் இடத்தில் வேலை பார்த்தாள். நாள் முழுக்க உட்கார்ந்தே செய்யும் வேலை. கணவர் அங்கே ஒருநாள் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று சொல்லிச் சிரிப்பாள்.

அவர் நடனத்தில் மாட்டிக்கொண்டது ஒரு ரிப்பேரால்தான். ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் பால்ரூம் நடனம் சொல்லித்தரும் பள்ளி ஒன்று இருந்தது. ஆணும் பெண்ணும் ஜோடியாகக் கைகோத்து ஆடும் ஆட்டம். அங்கே ஏசி நின்றுபோய், இவர் போய்ப் பார்த்தார். மாற்ற வேண்டிய பாகத்தைக் கடையிலிருந்து கொண்டுவர ஆள் போயிருந்தார். இவர் வாசலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டிருந்ததைப் பார்த்த டீச்சர், "அண்ணே, எப்படியும் நடந்துட்டுதான் இருக்கீங்க. இங்க ஒரு ஆள் குறையுது, வந்து நடங்களேன்" என்றார்.

விளையாட்டாகத்தான் போய் நின்றார். வால்ட்ஸ் என்றார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்று, இரண்டு, மூன்று. கையில் கிரீஸ் வாடை போகவில்லை. ஆனால் பாட்டு முடிந்தபோது, எங்கேயாவது போக வேண்டும் என்ற அரிப்பு அவருக்குள் சற்று அடங்கியிருந்தது. பாகம் வந்து வெகுநேரமாகிவிட்டதாம். அவர் கவனிக்கவே இல்லை.

வீட்டில் "டாக்டர் உடற்பயிற்சி செய்யச் சொன்னார்" என்று சொல்லிவிட்டு வாரம் இரண்டு மாலை வகுப்புக்குப் போனார். மனைவி நம்பவில்லை, தடுக்கவும் இல்லை. ஒரு வருடம் கழிந்ததும் டீச்சர் போட்டிப் பேச்சை எடுத்தார். வேறு ஊரில், பெரிய ஹோட்டல் ஒன்றில் நடக்கும் போட்டி. மாணவர்கள் தங்கள் ஆசிரியரோடு ஜோடி சேர்ந்து ஆடலாம்.

"எவ்வளவு ஆகும் டீச்சர்?"

டீச்சர் விரலை மடக்கிச் சொல்லத் தொடங்கினார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தனித்தனியாக நுழைவுக் கட்டணம். டீச்சருக்கு அன்றைய சம்பளமும் பயணச் செலவும் மாணவர்தான் தர வேண்டும். வால் வைத்த கறுப்புக் கோட்டு. தெருவில் போட்டு நடந்தால் கெட்டுப்போகும் மெல்லிய தோல் அடி வைத்த ஷூ. தங்கும் அறை. அதற்கு முன் கூடுதல் வகுப்புகள். ஒரு கை விரல் போதவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது மனைவியிடம் நடனம், போட்டி, செலவு எல்லாவற்றையும் சொன்னார். அவள் கையில் எடுத்த கவளத்தை அப்படியே வைத்துவிட்டாள்.

"ஆடுறவங்களுக்குத்தானே காசு குடுப்பாங்க? நாம ஆடவும் செஞ்சு, காசும் குடுக்கணுமா?"

"அது அப்படித்தானாம்."

"நல்ல தொழில். யார் கண்டுபிடிச்சாங்களோ."

கல்லூரியில் படிக்கும் மகள் தட்டைப் பார்த்தபடியே, "அப்பா, யாராவது வீடியோ எடுத்து எங்க காலேஜ் குரூப்ல போட்டாங்கன்னா நான் படிப்பையே நிறுத்திடுவேன்" என்றாள்.

அவர் செலவைச் சுருக்கப் பார்த்தார். ஹோட்டல் ஒன்றில் வரவேற்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவரிடம் பழைய வால் கோட்டு ஒன்றை வாங்கினார். கை நீளம் போதாது, தோளும் பிடித்தது. வண்டிக்கு கிளட்ச் மாற்றுவதைத் தள்ளிப்போட்டார். மேட்டில் ஏறும்போதெல்லாம் வண்டி முனகியது. கூடுதல் வகுப்புகள் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் கிடைத்தன. ஞாயிறுதான் இறைச்சிக் கடைக்காரரின் குளிர் அறையைச் சோதிக்கும் நாள். பல வருட வாடிக்கை. கடைக்காரரிடம் கொஞ்ச நாளைக்கு வேறு நாள் வருகிறேன் என்று சொல்லிப் பார்த்தார். "கறி கெட்டுப்போறதுக்கு நாள் நட்சத்திரம் பாக்காது தம்பி" என்று சொல்லிவிட்டு அவர் வேறொரு மெக்கானிக்கை வைத்துக்கொண்டார்.

போட்டிக்கு முந்தைய வாரம் முழுக்க பம்பரத்துக்குத் தூக்கமில்லை. சமையலறையில் பால் காய்வதற்குள் நாலு திருப்பம் போட்டுப் பார்ப்பார். ஏணியில் நிற்கும்போது கால் தானாகக் கணக்குப் போடும். ஒருநாள் கண்ணாடி முன் வெறும் கைகளால் யாரையோ அணைத்ததுபோல் நின்று ஆடிக்கொண்டிருந்தார். மனைவி கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்ததைப் பிறகுதான் கவனித்தார்.

"ஒண்ணு கேக்கவா?" என்றாள். "கடைக்கு, ஆஸ்பத்திரிக்கு, எங்க போனாலும் என்னை விட்டுட்டு பத்தடி முன்னாடி போவீங்க. இருபத்தி மூணு வருஷமா உங்க முதுகைத்தான் பாத்துட்டு வரேன். உங்க டீச்சரோட மட்டும் எப்படிங்க கூடவே அடி வைக்க முடியுது?"

செலவுக் கணக்கில் இதை அவர் சேர்க்கவே இல்லை. "அது சொல்லிக்குடுத்ததாலதான்..." என்று ஏதோ ஆரம்பித்து நிறுத்தினார். அவள் துணி மடிக்கப் போய்விட்டாள். ஆனால் பயணத்துக்கு அவளும் பெட்டி கட்டினாள். "நீங்க என்ன பண்றீங்கன்னு என் கண்ணால பாத்துடறேன்."

போட்டி அரங்கில் வெளிச்சம் கண்ணைக் கூச வைத்தது. மற்றவர்களின் கோட்டெல்லாம் உடம்போடு பிறந்தவை போல இருந்தன. மனைவி அவருடைய முதுகில் எண் அட்டையை ஊக்கு குத்தி மாட்டினாள். அவர் நெளிந்துகொண்டே இருந்ததால் ஊக்கு சதையில் ஏறிவிட்டது. "சும்மா நிக்க மாட்டீங்களா? ஆடறப்போ ஆடலாம்."

வால்ட்ஸுக்கு அழைத்தார்கள். டீச்சரோடு தளத்தின் நடுவில் போய் நின்றார். மற்ற ஜோடிகள் வருவார்கள் என்று பார்த்தார். யாரும் வரவில்லை. அவர் வயதில், புதியவர்கள் பிரிவில், அவர் ஒருவர்தானாம். அவ்வளவு பெரிய தளத்தில் ஒரே ஜோடி. ஒளிந்துகொள்ள ஒரு முதுகுகூட இல்லை. பாட்டு தொடங்கியதும் வழக்கம்போல் அவர் கால்கள் முந்திக்கொண்டு ஓடின. தாளம் எங்கேயோ பின்னால் கிடந்தது.

டீச்சர் அவர் தோளை அழுத்தினார். "அண்ணே, மெதுவா. உங்களை யாரும் துரத்தல."

அவர் மூச்சை இழுத்தார். ஒரு சுற்று வீணாகிவிட்டது. அடுத்த சுற்றில் தாளம் காலுக்குக் கீழே வந்து சேர்ந்தது. முடிவில் அவரைக் கூப்பிட்டு முதல் பரிசுப் பதக்கத்தை மாட்டினார்கள். கைதட்டலைக் கேட்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. தனியாக ஓடினால் ஆமையும் முதல்தானே.

பிற்பகல் குவிக்ஸ்டெப். அதில் எல்லா வயதினரும் சேர்ந்து ஏழு ஜோடிகள். வேகமான ஆட்டம் தனக்குக் கைவந்தது என்று நினைத்திருந்தார். பாதியில் இன்னொரு ஜோடியோடு மோதினார். கோட்டின் அக்குள் தையல் 'டர்' என்று பிரிந்தது. நிற்காமல் ஆடினார். வியர்வை கண்ணில் இறங்கியது. ஆறாவது இடம்.

பதக்கத்தைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு மனைவியிடம் வந்து நின்றார்.

"மெடலை விடுங்க. இதுல ஒரு ஜோடியையாவது ஜெயிச்சீங்கல்ல" என்றாள் அவள்.

"ஏழாவதா வந்தவருக்கு எண்பது வயசு."

"வயசை யாரு கேட்டா?"

அவள் சிரித்ததும் அவரும் சிரித்துவிட்டார். காலையிலிருந்து அப்போதுதான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர்ப் பாட்டிலை முழுக்கக் குடித்து முடித்தார்.

ஊர் திரும்பிய மறுநாளே இறைச்சிக் கடைக்குப் போனார். கடைக்காரர் முகம் கொடுத்துத்தான் பேசினார். ஆனால் புது ஆளை நிறுத்துவதாக இல்லை. அந்த வாடிக்கை போனது போனதுதான். வண்டியில் வந்து உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தார். மாதா மாதம் வீட்டுக்கு வந்த நிலையான வருமானம் அது. அதுவரை மனைவியிடம் சொல்லாமல் மறைத்திருந்தார். அன்று மாலை சொன்னார். மகளும் பக்கத்தில்தான் இருந்தாள்.

மனைவி சமையலறைக்குப் போய்க் காபி கலந்து கொண்டுவந்தாள். அவர் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார்.

"ஞாயித்துக்கிழமை வேண்டாம், வேற நாள்ல வரச் சொல்ற கடையாப் புடிங்க. எத்தனை கறிக்கடை இருக்கு" என்றாள் கடைசியில். "அடுத்த போட்டிக்குப் போனா ரூம்ல ரெண்டு கட்டில் போடச் சொல்லுங்க. தூக்கத்துல ஒண்ணு ரெண்டு மூணுன்னு என்னை உதைச்சுட்டே இருந்தீங்க."

அடுத்த போட்டி எப்போது என்று கேட்டது மகள்தான்.