முன்னறைப் பூட்டு

எங்கள் வீட்டில் கையெழுத்து வைக்கும் நாளென்றால் எனக்குக் கொண்டாட்டம். கொட்டாஞ்சேனையில், கோயில் மணி காதைத் துளைக்கும் தூரத்தில், ஒரு மாடிவீட்டின் மேல்தளத்தில் வாடகைக்கு இருந்தோம். அம்மாவின் அண்ணன், அதாவது என் மாமா, வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக சொந்த ஃபிளாட்டில் இருந்தார். சும்மா வரும்போது ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வருவார். அம்மாவிடம் கையெழுத்து வாங்க வரும்போது மட்டும் ரிபன் கேக்கும், மீன் அடைத்துப் பொரித்த பற்றிஸ் ஒரு பெட்டி நிறையவும் வரும். தாத்தா இறந்த பிறகு அவருடைய வங்கிக் கணக்கை மூடிய நாளிலும், புறக்கோட்டைக் கடையில் அவருக்கிருந்த பங்கை மாமாவின் பெயருக்கு மாற்றிய நாளிலும் அப்படித்தான் வந்தன. அம்மா எதையும் வாசிக்காமல் கையெழுத்து வைப்பார். நான் பற்றிஸ் தின்பேன். இரண்டு பேரும் எங்கள் வேலையை ஒழுங்காகவே செய்து வந்தோம்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது வந்த கேக் சற்றுப் பெரியது. அதற்குக் காரணம் தூத்துக்குடியில் இருந்த ஒரு வீடு. தாத்தா அங்கிருந்து இளம்வயதில் கப்பலேறி வந்து கொழும்பிலேயே தங்கிவிட்டவர். அங்கே அவர் பெயரில் ஒரு வீடு இருப்பது எங்களுக்குக் கதையாக மட்டுமே தெரியும். வாடகைக்கு இருந்தவர்கள் காலி பண்ணியதும் மாமா அதை விற்க நினைத்தார். இரண்டு நாட்டு அனுமதிகளையும் எடுத்துத் தருவதாக அங்குள்ள தரகர் ஒருவர் ஏற்றுக்கொண்டிருந்தார். மிச்சமிருந்தது அம்மாவின் அற்றோணித் தத்துவம் மட்டும். அம்மா செய்யவேண்டியதை எல்லாம் அம்மாவுக்காக மாமாவே செய்யலாம் என்று எழுதிக் கொடுப்பது அது.

மாமா ஒரு தவறு செய்தார். வழக்கமாகத் தானே கடதாசியை நீட்டுபவர், இது வெளிநாட்டு விஷயம் என்பதால் கோர்ட்டுகள் இருக்கும் புதுக்கடையிலிருந்து, பத்திரம் எழுதும் நொத்தாரிசு ஒருவரைக் கூட்டி வந்துவிட்டார். அவரோ விளக்கம் சொல்வதில் ஆசையுள்ள மனிதர். கேக்கில் ஒரு துண்டை முடித்துவிட்டு, அம்மாவிடம் மிகுந்த மரியாதையோடு சொன்னார்.

"மிஸிஸ், உங்கட பாதிப் பங்கை அண்ணா உங்களுக்காகப் பாத்து விக்கிறதுக்குத்தான் இது. விளங்கினது தானே?"

"பாதியா?" என்றார் அம்மா.

சீதனம் வாங்கிப் போன மகளுக்கு மேற்கொண்டு எதுவும் இல்லை என்பதுதான் எங்கள் குடும்பத்தில் எழுதப்படாத சட்டம். அம்மாவும் அதை நம்பியே வளர்ந்தவர். ஆனால் வீடு இருந்தது இந்தியாவில். அந்த நாட்டுச் சட்டத்துக்கு அம்மாவின் சீதனத்தைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. மகனுக்குப் பாதி, மகளுக்குப் பாதி. நொத்தாரிசு இதையும் விளக்கினார். மாமா அவருக்கு அவசரமாக இன்னொரு துண்டு கேக் எடுத்துக் கொடுத்தார். வாய் நிறைந்தும் அந்த மனிதர் நிறுத்தவில்லை.

அம்மா பேனையை மூடி மேசையில் வைத்தார்.

"நான் அந்த வீட்டக் கண்டதே இல்லயே அண்ணா. காணாத ஒண்ட எப்படிக் குடுக்கிறது?"

மாமா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த அப்பாவுக்கு மாமாவென்றால் ஒரு நடுக்கம். "அண்ணா சொன்னாக் கேளன். ஏன் வீண் கதை?" என்று முணுமுணுத்தார். அம்மா எழுந்து குசினிக்குப் போய்ப் பாத்திரம் கழுவத் தொடங்கினார். அவ்வளவு சத்தமாகப் பாத்திரம் கழுவி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அம்மா ஏன் இப்படி அடம்பிடிக்கிறார் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. மாமா பாவம், எவ்வளவு நல்லவர், எவ்வளவு கேக் வாங்கி வந்திருக்கிறார்.

அடுத்த மாதம் மாடிவீட்டுப் பெண்கள் பிடிக்கும் சீட்டில் அம்மாவின் முறை வந்தது. அந்தக் காசில் எங்கள் இரண்டு பேருக்கும் விசாவும் மதுரைக்கு டிக்கெட்டும் எடுத்தார். பிறகு என்னையும் இழுத்துக்கொண்டு புறக்கோட்டை இரும்புக் கடைக்குப் போய் ஒரு பூட்டு வாங்கினார். என் இரண்டு கையும் சேர்ந்தால்தான் தூக்கமுடிகிற பூட்டு. நானா என்று எல்லோரும் கூப்பிடும் கடைக்காரர், "என்ன தங்கச்சி, களஞ்சியத்துக்கா?" என்று கேட்டார். "ஓம், அப்பிடித்தான்" என்றார் அம்மா. விமான நிலையத்தில் கைப்பையைத் திறந்த அதிகாரி அதை வெளியே எடுத்து மேலும் கீழும் பார்த்து, இது எதற்கு என்று சிங்களத்தில் கேட்டார். "மகே கெதரட்ட" என்றார் அம்மா. என்னுடைய வீட்டுக்கு என்று. வாடகை வீட்டில் இருந்துகொண்டு அம்மா இப்படிப் பொய் சொல்கிறாரே என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

தூத்துக்குடி வீடு நான் நினைத்ததைவிடச் சின்னது. சுவரில் உப்புப் பூத்துச் சுண்ணாம்பு உதிர்ந்துகொண்டிருந்தது. தெருவைப் பார்த்தபடி ஒரு முன்னறை, அதற்குத் தனியாக ஒரு வாசற்கதவு, பின்னால் இரண்டு இருட்டு அறைகள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கதவு திறந்தே கிடந்தது. உள்ளே தரகரும், வாங்க வந்தவரும், அளவு நாடா பிடிக்க ஒருவரும் நின்றார்கள். வாங்குபவர் முன்னறையில் மருந்துக்கடை வைக்கப் போகிறாராம்.

அம்மா தன்னை யார் என்று சொன்னதும் தரகர் திகைத்துப்போனார்.

"ஒங்க அண்ணன் எல்லாம் பேசி முடிச்சாச்சுன்னுல்லா சொன்னாங்க?"

"என்னோட ஒருத்தரும் கதைக்கேல்ல" என்றார் அம்மா.

பிறகு அறை அறையாக நடந்தார். சுவரைத் தொட்டுப் பார்த்தார். முன்னறையின் தெருக்கதவை உள்ளே தாழிட்டார். அங்கே நின்ற எல்லோரையும், "கொஞ்சம் வெளிய வாங்க" என்று மரியாதையாக முற்றத்துக்கு அனுப்பினார். உட்கதவைச் சாத்தி, கைப்பையிலிருந்து பூட்டை எடுத்துத் தொங்கவிட்டுச் சாவியைத் திருப்பினார்.

அந்தத் தெருவில் வேறு வீடுகளிலும் இப்படி அறைக்கொரு பூட்டு தொங்குவதை வரும்போதே பார்த்திருந்தேன். கள்வர் பயம் என்று நினைத்துக்கொண்டேன். கள்வரல்ல, அண்ணன் தம்பிகள், அக்கா தங்கைகள். பங்கு பிரியாத வீட்டில் ஒரு வாரிசு பூட்டைப் போட்டுவிட்டால் அந்த வீட்டுக்கு எவரும் விலை பேசமாட்டார்கள். மருந்துக்கடைக்காரருக்கு இது தெரிந்திருந்தது. நாடாவைச் சுற்றச் சொல்லிவிட்டு, அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டுப் போனார். தரகர் தெருவிலேயே நின்று மாமாவுக்குப் போன் எடுத்தார்.

மாமா உடனே அம்மாவை அழைத்தார். வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்த அம்மா, ஸ்பீக்கரைப் போட்டு என் கையில் பிடிக்கச் சொன்னார். தெரு முழுக்கக் கேட்டது.

"உனக்குத்தான் சீதனம் தந்தாச்சே. இன்னும் என்ன வேணும்?"

"சீதனம் எனக்கா தந்தீங்க? நீங்க தந்தது கையெழுத்து வைக்கிற வேல."

"பைத்தியமா உனக்கு? அந்த வெறும் அறைய வைச்சு என்ன செய்யப்போறாய்?"

"ஒண்டும் செய்யமாட்டன்."

மாமா கத்தினார். அம்மா என் கையிலிருந்த போனை வாங்கி, அவர் கத்திக்கொண்டிருக்கும்போதே அணைத்தார். பிறகு எனக்குச் சர்பத் வாங்கித் தந்தார். அதற்குப்பின் மாமா எங்கள் வீட்டுக்கு வரவேயில்லை. அப்பா, "குடும்பத்த உடைச்சுப்போட்டாய்" என்றார். "உடையட்டும்" என்றார் அம்மா. அந்த வீடு இன்றுவரை விற்கப்படவில்லை. அம்மா திரும்ப அங்கே போகவுமில்லை, அறையை வாடகைக்கு விடவுமில்லை. சொன்னபடியே ஒன்றும் செய்யவில்லை.

எனக்குக் கல்யாணப் பேச்சு வந்தபோது, சீதனம் பற்றி யாரோ வாயைத் திறந்ததும், அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். நான் தினமும் பள்ளிக்கூடம் போன வழிதான். முனையில் இருந்த பச்சை கேற் வீட்டின் முன்னால் நின்று, "இது என்ட சீதன வீடு" என்றார். கல்யாணமாகிக் குடிவந்து, ஜன்னலுக்குத் திரை தைத்து முடிப்பதற்குள் அப்பாவின் தங்கைக்கு மாப்பிள்ளை சரிவந்ததாம். அந்தக் கல்யாணத்துக்காக வீட்டை விற்க வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் முடிவெடுத்தார்களாம். அம்மா குளித்துவிட்டு வருவதற்குள் முடிவாகிவிட்டது. தலை துவட்டிய கையோடு கையெழுத்து வைத்தாராம்.

ஒன்பது வயதில் நான் கோபித்துக்கொண்டது அம்மாவோடு. நல்ல மனிதர்களிடம் ஏன் இப்படி முரண்டு பிடிக்கிறார் என்றுதான் நினைத்தேன். அந்தப் படியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், பிறந்ததிலிருந்து அன்றைக்குத்தான் முதல் தடவையாக, தன்னைக் கேட்காமல் யாரும் விற்கமுடியாத ஒரு சொந்த வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது.